வேலுத்தாய் கட்டிய கயிறு

தொண்ணூற்றொன்பதில் நான் கோவில்பட்டி தீயணைப்பு நிலைய அதிகாரி. என் சர்வீஸில் நான் அணைத்த தீயை எல்லாம் ஒரே இடத்தில் மூட்டினால், சித்திரை வெயில் வெட்கப்பட்டு மேகத்துக்குள் போய்விடும். இதை நம்ப வேண்டாம். இனிச் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கே குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிற வேலுத்தாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஆனால் அவள் கையைக் கண்டால் குச்சிகள் பயந்துபோய்த் தாமாகவே வரிசையில் நிற்கும்.

சோதனைக்குப் போன அன்று மேனேஜர் காசிராஜன் என்னை ஓரமாக அழைத்து வேலுத்தாயைக் காட்டினார்.

"அண்ணாச்சி, மணி அடிச்சா எல்லாரும் வெளிய ஓடணும். இவளுக்கும் இன்னும் ரெண்டு பிள்ளையளுக்கும் கேக்காது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுதது? சனிக்கிழமையோட நிறுத்திருதேன்."

அவள் பக்கத்தில் அடுக்கும் மாரிசெல்வி, காதில் விழுந்ததை அவளுக்குக் கைச்சாடையில் சொன்னாள். வேலுத்தாய் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அவள் பார்த்த பார்வையில் என் தொப்பி தானாகக் கழன்றது.

"வெள்ளிக்கிழமை ஒத்திகை வைப்போம். மூணு பேரும் ஒழுங்கா வெளிய வந்துட்டா வேலையில இருக்கட்டும்" என்றேன். காசிராஜன் அரை மனதோடு தலையாட்டினார்.

மணி அடித்தால் சிவப்பு பல்பு எரியட்டும் என்று யோசனை சொன்னேன். மாட்டிப் பார்க்கும்போதே கரண்ட் போய்விட்டது. வேலுத்தாய் சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த பல்லி கீழே விழுந்தது. அவள் வயலில் கயிறு கட்டி ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பெண், கயிறு கட்டுவது கைவந்த கலை. வாசலில் இருந்து தங்கள் வரிசை வரை ஒரு மெல்லிய கயிற்றை இழுத்து, மூவர் கணுக்காலையும் தொட்டுக்கொண்டு போகும்படி விட்டாள். மூன்று இழுப்பு என்றால் ஓட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். ஒத்திகை எத்தனை மணிக்கு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பின்பக்கம் தகர டின்னில் ஈர வைக்கோலைப் புகைய விட்டேன். வாசலில் நின்று ஒரு கையால் மணியை அடித்து, மறு கையால் கயிற்றை மூன்று முறை இழுத்தேன்.

வேலுத்தாயும் மற்ற இருவரும் பாய்ந்து வந்த வேகத்தில் என்னை வேப்பமரத்தடிக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எண்ணியது ஏழு விநாடி. உண்மையில் ஆறாகவும் இருக்கலாம்.

உள்ளே இருந்து வேறு யாரும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். காது கேட்கிற நூற்றிருபது பேரும் தம்ளரோடு வரிசையில் நின்றார்கள். அந்த ஆபீஸில் டீக்கு அடிப்பதும் அதே மணிதான்! முதல் ஆளாக நின்றவர் காசிராஜன்.

"ஏலே, இன்னிக்கி டீயக் கருக்கிட்டானா? இப்படிப் புகையுது?"

"யோவ் காசிராஜன், வெளிய வாரும்! எல்லாரும் செத்து அஞ்சு நிமிஷமாச்சு!" என்று கத்தினேன்.

தம்ளரோடு அவர் வெளியே வந்தார், பின்னாலேயே மாரிசெல்வியும் மற்றவர்களும். வேலுத்தாய் அவரைப் பார்த்து விரல்களைச் சுழற்றினாள்.

"என்னட்டி சொல்லுதா?"

மாரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "காது கேக்குறவியள இங்கன வேலைக்கு வச்சா ஆபத்தாம் அண்ணாச்சி."

சிரிப்பில் வேப்பம்பூ உதிர்ந்தது. காசிராஜனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை நான் போனபோது, எல்லா வரிசைக்கும் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் வேலுத்தாய். கயிற்றுப் பந்தைப் பிடித்தபடி அவள் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தவர் மேனேஜர்.