இரண்டு காசில் ஒரே கீறல்

காசில் பேரரசரின் காதுக்குக் கீழே பிறை போல ஒரு கீறல். தட்டில் பக்கத்துக் குழியில் இருந்த காசிலும் அதே இடத்தில் அதே கீறல். அவள் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அருங்காட்சியகத்தின் காசுப் பிரிவில் அவளுக்கு ஏழு வருஷம். கண்காட்சிக்காக ரோமானிய வெள்ளிக்காசுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே அச்சில் அடித்த காசுகளில் மூக்கு, இலைக்கிரீடம், பின்பக்கம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் இரு கைகள், எல்லாம் ஒன்றாக இருக்கலாம். கீறல் இருக்காது. அது யாரோ ஒருவனின் மடியில் குலுங்கி, ஒரு காசுக்கு மட்டும் விழுந்தது. விளிம்பைத் திருப்பினாள். இரண்டிலும் மயிரிழையாய் ஒரு கோடு. அச்சில் அடித்ததல்ல, உருக்கி வார்த்தது. போலி.

அவளைத் தவிர இந்தத் தட்டுகளைத் தொடுபவர் புகைப்படக்காரர் மட்டும்தான். அக்காவின் கணவர். இந்த வேலைக்கு மனு வாங்கி வந்து கொடுத்ததே அவர்தான். படமெடுத்துத் திருப்பித் தரும்போது எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அவ்வளவுதான்.

தட்டோடு அடுத்த அறைக்குப் போனாள்.

“அத்தான், இது ரெண்டும் ஒண்ணா இருக்கே.”

“ஒரே அச்சுன்னா ஒண்ணாத்தானே இருக்கும்?” கேமராவிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

“கீறல் கூடவா?”

அவர் விளக்கை அணைத்தார். மறுக்கப் போகிறார் என்று நின்றாள். மறுக்கவில்லை.

“எத்தனை காசை மாத்தினீங்க?”

“நாப்பதுக்கு மேல.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“பாத்துப் பாத்துக் கையெழுத்துப் போட்ட உனக்கே தெரியலையே. அவளுக்கு எங்க தெரியப்போகுது?”

அவள் தட்டைப் பார்த்தாள். போன மாதம் பள்ளிப் பிள்ளைகளிடம், “இரண்டாயிரம் வருஷம்!” என்று உள்ளங்கையில் ஏந்திக் காட்டியது எதை?

“மேல போய்ச் சொன்னா ரெண்டு பேரும்தான் போவோம், பாத்துக்க,” என்றார், சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில்.

அவள் படியேறினாள். இயக்குநரின் முன் நின்றபடி, முதலில் தன் கையெழுத்தைச் சொன்னாள். பிறகு அத்தானை.

இயக்குநர் எழுந்தார். கீழே வந்து கதவைச் சாத்தினார். அத்தான் ஓடியிருக்கவில்லை, மூலையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் கறுப்புத் துணியை விரித்து, இயக்குநர் ஒவ்வொரு காசாக அவள் பக்கம் தள்ளினார்.

“எது நல்லது, சொல்லும்மா.”

நல்லதை இடப்பக்கம் வைத்தாள். மற்றதை வலப்பக்கம். அவளது கைப்பேசி அதிர்ந்தது. அக்கா. நின்று, மறுபடி அதிர்ந்தது. அத்தான் நிமிர்ந்து அதைப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வலப்பக்க வரிசை துணியின் ஓரத்தைத் தாண்டி, வெறும் மேசைக்கு வந்துவிட்டிருந்தது.