ராய்ஸ் டெலமரின் பூச்சாண்டி

எங்கள் ஸ்டுடியோ கேன்டீனில் வெண்டல் ஹார்க்னெஸ்ஸுக்குப் பூச்சாண்டி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் பெரிய ஹீரோ ராய்ஸ் டெலமர். கதை பிடிக்காவிட்டால் படகை எடுத்துக்கொண்டு கட்டலினா தீவுப் பக்கம் போய்விடுவார். உடனே தயாரிப்புத் தலைவர் ஸ்லாட்கின் வெண்டலைக் கூப்பிட்டு, அதே வேடத்தில் ஒரு காட்சி நடிக்கவைத்து டெஸ்ட் எடுப்பார். வெண்டலுக்கு ராய்ஸின் தாடை, ராய்ஸின் உயரம். குரலிலும் ஒரு சாயல் உண்டு. டெஸ்ட் சுருளை ராய்ஸுக்குப் போட்டுக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு அவர் வேலைக்கு வந்துவிடுவார். வெண்டல் பழையபடி கதாநாயகிக்குக் கார் கதவைத் திறக்கும் சின்ன வேடங்களுக்குப் போவான்.

வெண்டல் நன்றாக நடித்தால் ராய்ஸ் பயந்து திரும்பி வருவார். மோசமாக நடித்தால் வேடம் வேறு யாருக்காவது போகும். இரண்டையும் அவன் செய்து பார்த்தாயிற்று. பத்திரிகை வேலையை விட்டு விளம்பரப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசந்தத்தில் ஒரு நீதிபதியின் கதை வந்தது. சின்ன ஊர் நீதிபதி, சொந்தத் தம்பிக்கே தூக்குத் தண்டனை விதிக்க வேண்டியிருக்கிறது. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, படம் முழுக்க ஒரு முத்தம் கிடையாது. ராய்ஸ் பாதி படித்துவிட்டுப் படகுக்குக் கிளம்பினார்.

ஸ்லாட்கின் வெண்டலின் தோளில் கைபோட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்த வாட்டி நிஜம், தம்பி. அவன் மண்டியிட்டுக் கெஞ்சினாலும் கிடையாது. படம் உன்னோடதுதான்."

நம்பும்படியாகத்தான் இருந்தது. தையல் பிரிவில் வெண்டலுக்கு அளவெடுத்து நீதிபதியின் கறுப்பு அங்கி தைத்தார்கள். அதுவரை எந்த டெஸ்ட்டுக்கும் புதுத்துணி வெட்டியதில்லை.

"என்ன பூச்சாண்டி, நிஜ அங்கியாமே? ராத்திரி அதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறியா?" என்று கேன்டீனில் கேட்டான், மேக்கப் போடும் கஸ்.

"இல்லை. ஐடா போட்டுக்கறா. வீட்ல தீர்ப்பெல்லாம் அவதானே சொல்றா" என்றான் வெண்டல். ஐடா அவன் மனைவி. நான் பார்க்க அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கதைப்படி, தீர்ப்பு சொல்லும்போது நீதிபதி மேசையைக் குத்த வேண்டும், அவர் குரல் உடைய வேண்டும். டெஸ்ட்டில் வெண்டல் மேசையைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். மடித்துக் காகிதங்களின் மேல் வைத்தான். பிறகு, ரயில் நேரம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் தீர்ப்பைச் சொன்னான். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் விளக்குகளை அணைக்கவில்லை.

"அதை எங்கேருந்து பிடிச்சே?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"அந்த நீதிபதிக்குக் கிட்டப்பார்வைன்னு வெச்சுக்கோ. கண்ணாடியைக் கழட்டிட்டா தம்பி முகம் தெரியாது. தெரிஞ்சா அவனால வாயைத் திறக்க முடியாது."

"கதையில அப்படி இல்லையே."

"இல்லைதான்" என்றான்.

அந்த வாரக் கடைசியில் அங்கியைப் போட்டுப் பார்க்கத் தையல் பிரிவுக்குப் போனான். நானும் கூடப் போனேன். தையல்காரி அங்கியின் தோள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ராய்ஸுக்குத் தோள் அகலம் அதிகம்.

"உங்ககிட்ட யாரும் சொல்லலியா?" என்றாள், ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே.

வெண்டல் ஸ்லாட்கினைப் பார்க்கப் போகவில்லை. அதற்கு முந்தைய தடவைகளில் போயிருக்கிறான்.

நீதிபதி படத்தை முதலில் பொமோனா ஊர்த் தியேட்டரில், முன்னறிவிப்பில்லாமல் வேறொரு படம் முடிந்ததும் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டுடியோ ஆட்கள் கடைசி வரிசைகளில் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் வெண்டல், அவனுக்கு அந்தப் பக்கம் ஐடா. தீர்ப்புக் காட்சி வந்தது. திரையில் ராய்ஸ் டெலமர் கண்ணாடியைக் கழற்றினார். மடித்துக் காகிதங்களின் மேல் வைத்தார். தணிந்த குரலில் தீர்ப்பைச் சொன்னார். பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

"அது உன்னோடது" என்றாள் ஐடா.

"படத்தைப் பாரு."

"படத்தைத்தான் பாக்கறேன். நீ சமையக்கட்டுல நின்னுக்கிட்டு என் எதிர்ல பண்ணினதை அவன் பண்றான்."

"சத்தம் போடாதே, ஐடா."

வாசல் கூடத்தில் ராய்ஸைச் சுற்றிக் கூட்டம். வெண்டலைப் பார்த்ததும் அவரே விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தார். நல்ல மனிதர்தான்.

"அந்தக் கண்ணாடி எப்படி இருந்துது, சொல்லு. படகுல உக்காந்திருந்தப்போ தோணிச்சுய்யா. டைரக்டர் மேசையைக் குத்துங்கன்னே நின்னார். நான் விடலியே."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. தனக்கே தோன்றியதாக நம்பிவிட்டார்.

"நல்லா இருந்துது, ராய்ஸ்" என்றான் வெண்டல்.

ஐடா காரை நோக்கி நடந்துவிட்டாள்.

ஸ்லாட்கின் குஷியாக வந்தார். "உனக்கு ஒரு சந்தோஷச் சமாசாரம். உன் ஒப்பந்தம் முடியுதே, அதை நீட்டிச்சாச்சு. அந்த டெஸ்ட் ஒண்ணுக்கே செய்யலாம்."

"என்னை விட்டுடுங்க, சார். சிகாகோல ஒரு நாடகக் கம்பெனி கூப்பிடுது. சின்னச் சின்ன வேஷம்தான். ஆனா மேடையில நானே நிப்பேன்."

"நீட்டிக்கிற உரிமை எங்களுது. நீ பாட்டுக்குப் போக முடியாது. படிக்காமலா கையெழுத்துப் போட்டே?" ஸ்லாட்கின் கோபப்படவில்லை. "திங்கட்கிழமை வா. கப்பல் கேப்டன் கதை. ராய்ஸ் இப்பவே முகத்தைச் சுளிக்கிறான்."

திங்கட்கிழமை டெஸ்ட்டுக்கு நான் போயிருந்தேன். கப்பல் தளம், கேப்டன் புயலில் ஒரு மாலுமியை இழந்த காட்சி. வெண்டல் கேமராவுக்கு முன் வந்து இடது புருவத்தைத் தூக்கினான். உதட்டோரத்தில் கோணலாகச் சிரித்தான். வசனத்தின் கடைசி வார்த்தையை மூக்கால் இழுத்தான். அத்தனையும் ராய்ஸ். சிகரெட்டைப் பிடித்த விதம்வரை ராய்ஸ். தன்னுடையதாக ஒரு கண்சிமிட்டலைக்கூட அவன் அவர்களுக்குத் தரவில்லை.

"இனிமே எடுத்துக்கட்டும்" என்றான் என்னிடம். "அவர் சாமானை அவரே எடுத்துக்கட்டும்."

சுருளைப் பார்த்த ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "என்னைவிட நானா இருக்கானே. இவனையே போடுங்கய்யா. நான் மீன் பிடிக்கப் போறேன்." பயம் என்ற பேச்சே இல்லை. அவர் படகு கிளம்பிவிட்டது. கப்பல் செட்டுக்கு ஏற்கெனவே மரம் அடித்தாகிவிட்டது, நடிகை வேறு காத்திருந்தாள். ஸ்லாட்கினுக்கு வேறு வழியில்லை.

வெண்டலுக்கு வேடம் கிடைத்தது. திரையில் அவன் பெயர்தான் முதலில்.

பத்திரிகைகளுக்கு அவன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு. நெப்ராஸ்காவில் அவன் தந்தை விதைக்கடை வைத்திருந்தது, நாடகக் குழுவோடு ஊர் ஊராக அலைந்தது எல்லாம் எழுதி எடுத்துப்போனேன். ஸ்லாட்கின் மேலே ஒரு வரி சேர்த்தார்: 'இன்னொரு ராய்ஸ் டெலமர்'. மீதியை அடித்துவிட்டார்.

படப்பிடிப்பின் முதல் நாள் அதே புயல் காட்சி. வெண்டல் ஒழுங்காகத்தான் தொடங்கினான். மாலுமியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். யாரோ விட்டுப்போன தொப்பி ஒன்று தளத்தில் கிடந்தது. குனிந்து அதை எடுத்தான். தண்ணீரை உதறினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தான். திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை. என் பக்கத்தில் நின்ற கஸ் கையிலிருந்த பவுடர் பஞ்சைத் தாழ்த்தினான்.

"கட்" என்றார் டைரக்டர். "என்ன அது? டெஸ்ட்ல அப்படிப் பண்ணலியே?"

"தெரியலை, சார். வந்துடுச்சு."

"டெஸ்ட்ல பண்ணினதைத்தான் ஸ்லாட்கின் பாத்து ஓகே பண்ணியிருக்கார். அதையே பண்ணு. தொப்பியை யாராவது எடுங்கப்பா."

ஒரு ஆள் வந்து தொப்பியை எடுத்துப்போனான். கஸ் வெண்டலின் நெற்றியைத் துடைத்துப் பவுடர் போட்டான். இந்த முறை பூச்சாண்டி என்று கூப்பிடவில்லை. விளக்குகள் எரிந்தன. வெண்டல் தனக்குப் போட்டிருந்த சாக்பீஸ் குறியில் போய் நின்று புருவத்தைத் தூக்கினான்.

"அதான்" என்றார் டைரக்டர்.