மெழுகில் ஒரு திசு

உள்ளங்கையில் சில்லென்று கிடக்கிறது, தீப்பெட்டியில் பாதியளவு மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு, என் மனைவி செண்பகத்தில் எரியாமல் மிஞ்சியது இவ்வளவுதான், சோதனைக்கு வெட்டிய சதையை மெழுகில் பதித்துக் கொடுத்தார்கள், வேறு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம் என்று வாங்கினோம், அதற்குள் போய்விட்டாள், கோவில்பட்டி வெயிலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜில் முட்டைக் குழியில் வைத்தேன், எட்டு மாதம், எங்க அக்காவ முட்டை பக்கத்துலயா வச்சிருந்திய அத்தான், என்று சிரிக்கப் பார்க்கிறாள் கோமதி, அவள் தங்கை, சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. கருமாதியன்று மாமனார் கேட்டார், எல்லாத்தையும் கரைச்சாச்சா மாப்பிள, ஆமாம் என்றேன்.

செண்பகம் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்தாள், கலைச்சொல் அட்டைகளை என் கையெழுத்தில்தான் எழுத வேண்டும், கடைசி வாரமும் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்கிறாள், மூக்கில் குழாய், திசுன்னா என்ன, சொல்லுங்க பி.காம்., ஒரே வேலையைச் செய்யும் செல்களின் கூட்டம், சரி, அப்ப நாம ரெண்டு பேரும், நான் யோசிப்பதற்குள், திசு இல்ல, நீங்கதான் வீட்டுல ஒரு வேலையும் செய்யறதில்லையே, இருமி இருமிச் சிரிக்கிறாள், அடுத்த அட்டை புற்று, நிற்காமல் பெருகும் செல், அதை வெகுநேரம் பார்க்கிறாள், வெளியேர்ந்து வந்தது இல்லைங்க, என் செல்லுதான், அதற்கடுத்தது மரபணு, பெற்றோரின் பண்பைப் பிள்ளைக்குக் கொண்டுசேர்ப்பது, அட்டையை என் கையில் திணித்தாள், கோமதிய டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, இந்த மெழுகக் குடுங்க, மறந்துராதிய.

மறக்கவில்லை. போன வாரம் கோமதியே போனில் கேட்டாள், குடும்பத்துல வருதான்னு பாக்கணுமாம், டாக்டர் அக்கா சதையக் கேக்கார், இருக்கா, தேடிப் பார்க்கிறேன் என்றேன், ஃப்ரிட்ஜுக்கு எதிரில் நின்றுகொண்டு, இன்று அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள், மெல்லிசாச் சீவிச் சீவிப் பாப்பாங்களாம், மிச்சம் இருக்காது அத்தான், பொய் சொல்லித் தூக்கிட்டுப் போக மாட்டேன், நான் கையை மூடிக்கொள்கிறேன், உங்க அக்கா உன்ன டெஸ்ட் எடுக்கச் சொன்னா, என்கிறேன், எப்ப, சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி, எட்டு மாசமாவா சொல்லல, நான் தலையாட்டுகிறேன், அவளுடைய இடது கை தன்னையறியாமல் மார்பின் பக்கவாட்டில் போய் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்குகிறது, திட்டுவாள் என்று நிற்கிறேன், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள், மெழுகு என் சூட்டில் வெதுவெதுவென்று இருக்கிறது, அவள் விரல்கள்தான் சில்லென்று.