ரோஜாப் பாத்தியில் நார்மன்

நார்மன் செத்துப் பதினான்கு மாதம் ஆகியும் தெல்மா வியாழக்கிழமையை விடவில்லை. வியாழன் என்றால் ஏதாவது பழைய மாளிகை, இல்லாவிட்டால் தோட்டம், மழை கொட்டினால் அருங்காட்சியகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து பதினொரு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிக் காத்த வழக்கம். இப்போது அவள் மட்டும் காத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் உழவுக் கருவிகளின் அருங்காட்சியகம். அதற்கு முந்தின வாரம் யாரோ ஒரு கடற்படைத் தளபதியின் வீடு. அந்த மனிதர் கழற்றி வைத்த பல்செட்டைக்கூட விடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தெல்மா ஒவ்வொரு அட்டையையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒன்றும் நினைவில் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது போலிருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. தகனத்தன்றும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வந்தவர்களுக்கு சாண்ட்விச் போதுமா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன திடமான மனுஷி என்று கிராமமே மெச்சியது. திடமாவது மண்ணாவது. மரத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

இந்த வியாழன் ஹெஸ்லோ மாளிகை. மற்ற இடங்களுக்குப் போகக் காரணம் வேண்டியதில்லை. ஹெஸ்லோவுக்குப் போக அவளுக்குக் காரணம் இருந்தது. நார்மன் அங்கேதான் இருந்தார்.

அது போன வருடம் ஏப்ரலில் அவள் தனியாகச் செய்த காரியம். தகன நிலையத்தில் சாம்பலை ஒரு பச்சை பிளாஸ்டிக் ஜாடியில் கொடுத்தார்கள். மிட்டாய்க்கடை ஜாடிக்கும் அதற்கும் ஆறு வித்தியாசம் சொல்ல முடியாது. அதைச் சாப்பாட்டுக் கூடையில் ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்து, துண்டால் மூடி எடுத்துப் போனாள். வாசலில் இருந்த பெண் தம்பதிக்கான உறுப்பினர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருங்களா?" என்று கேட்டாள். "ஆமா, ரெண்டு பேர்தான்" என்றாள் தெல்மா. பொய் இல்லையே. ரோஜாத் தோட்டத்தில் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரிக் குனிந்து, பெஞ்சுக்கு எதிரே மூன்று செடிகளின் அடியில் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் படிவம் கொடுப்பார்கள். படிவத்தில் காரணம் கேட்பார்கள்.

இதை வைத்து, நார்மனுக்கு ரோஜா என்றால் உயிர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேநீர்க்கடைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அந்த பெஞ்சுதான். மாளிகைக்குள் போய் ஏழு தலைமுறைப் பிரபுக்களின் படங்களைப் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. "எல்லாப் பயலுக்கும் ஒரே மூக்கு. ஒருத்தனைப் பாத்தாச்சுன்னா மீதி ஆறு பேரையும் பாத்த மாதிரிதான். நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். தேநீரோடு வரும் ஸ்கோன் ரொட்டியைப் பிளந்து, அதில் முதலில் தடவ வேண்டியது ஜாமா பாலாடையா என்று பக்கத்தில் இருப்பவனோடு வம்புக்குப் போவார். அவள் திரும்பி வரும்போது தாடையில் ஜாம் இருக்கும். அந்த இடத்தை விட்டால் அவரை வேறு எங்கே கொண்டு வைப்பது?

இன்றைக்கு அந்தப் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. செடிகளைக் காணோம். பெஞ்சுக்கு எதிரே ஒரு குழி மட்டும் இருந்தது.

இரண்டு மணி தோட்டச் சுற்றுக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பேர் குழியைச் சுற்றி நின்றார்கள். தலைமைத் தோட்டக்காரர் டெரிக் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தெல்மா போய்க் கடைசியில் நின்றாள்.

"என்னங்க, ஏதாவது நோயா?" என்று வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் கேட்டார்.

"நோயெல்லாம் இல்லீங்க. சாம்பல்."

"எங்க வீட்ல ரோஜாவுக்கு அடுப்புச் சாம்பல்தானே போடுறோம்?"

"இது அடுப்புச் சாம்பல் இல்ல சார், மனுஷச் சாம்பல். யாரோ அவங்க வீட்டு ஆளைக் கொண்டாந்து இங்க கொட்டிட்டுப் போயிருக்காங்க. உப்பும் சுண்ணாம்பும் அவ்வளவு இருக்கு அதுல. ஒரே ஆளு மூணு செடியைத் தீத்துக் கட்டிட்டாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இங்க விக்கிற டிக்கெட்டு விலைக்கு, ஒருதரம் வந்தவரு இங்கயே தங்கிட்டாரு போல!" என்றார் தொப்பிக்காரர்.

மறுபடி சிரிப்பு. தெல்மாவும் சிரித்தாள். நாலு பேர் சிரிக்கும்போது உம்மென்று நிற்பது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. சிரித்து முடித்த பிறகுதான், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"தோண்டின மண்ணை என்ன பண்ணுவீங்க?" என்று நாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்.

"அதோ டிரெய்லர்ல கிடக்கு. மூணு மணிக்குக் குப்பைமேட்டுக்குப் போயிரும். வாங்க, கண்ணாடி வீட்டுக்குப் போவோம்."

மணி இரண்டு இருபத்தைந்து. நார்மனுக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. "அது என் புருஷன்" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தொப்பிக்காரர் மன்னிப்புக் கேட்பார், அவரை இவள் சமாதானப்படுத்த வேண்டும். வாயில் கொழுக்கட்டையை அடைத்தது போல, தெல்மா கூட்டத்தின் பின்னாலேயே கண்ணாடி வீட்டுக்குப் போனாள். பாதியில் கழன்றுகொள்வது அநாகரிகம் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. டெரிக் அத்திமரத்தின் கொழுந்தைக் கிள்ளிவிடும் முறையை விளக்கினார். அவள் தலையாட்டினாள். அவள் வீட்டில் அத்திமரம் கிடையாது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் கைதட்டிக் கலைந்தார்கள். டெரிக் சாவியை எடுத்துக்கொண்டு டிராக்டருக்கு வந்தபோது, டிரெய்லர் பக்கத்தில் தெல்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?"

"நல்லாப் பேசினீங்க. அத்திமரம் பத்திச் சொன்னது ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

"சந்தோஷம்மா." அவர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

"இந்த மண்ணுல ஒரு மூட்டை கிடைக்குமா?"

"இதுல ஒண்ணும் முளைக்காதும்மா. அங்க சொன்னேனே."

"முளைக்க வேண்டாம்."

படியில் வைத்த காலை டெரிக் இறக்கினார். அவளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"நான் அங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா."

"பரவாயில்ல. அவரா இருந்தா உங்களைவிட மோசமாப் பேசியிருப்பார்."

"எந்தச் செடிகிட்ட வச்சீங்க?"

"பெஞ்சுக்கு நேரா. மூணு செடி."

"அது மொதல்ல அள்ளினது. அடியில இருக்கும்" என்றார் டெரிக். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு டிரெய்லரில் ஏறினார். மேல்மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி, மூச்சு வாங்க வெகுநேரம் தோண்டினார். மூன்று மணி தாண்டியது. கடைசியில் கறுத்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் குருணை தெரிந்தது. உரச்சாக்கு ஒன்றை உதறி, கையாலேயே அள்ளிப் போட்டார். மண்வெட்டியால் அள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"முழுசா வந்திருக்கும்னு சொல்ல முடியாதும்மா."

"வந்த வரைக்கும் போதும்."

மூட்டையைத் தோளில் போட்டு அவள் கார்வரை சுமந்து வந்தார். "டிக்கியைத் திறங்க" என்றார். டிக்கியில் மழைக்கால பூட்ஸும் மடக்கு நாற்காலியும் சேறும் சகதியுமாகக் கிடந்தன.

"அங்க வேண்டாம். முன்னாடி சீட்டுல வைங்க."

சாய்ந்துவிடாமல் நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். "மழை வரும் போலிருக்கு" என்றார்.

"ஆமா, வரும்" என்றாள் தெல்மா.

மாளிகைக் கதவைத் தாண்டிச் சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் கார் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று காருக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை, கூடிக்கொண்டே போனது.

"அந்த பெல்ட்டைப் போட்டுத் தொலையேன், நார்மன்!"

யோசித்துச் சொன்னதில்லை. பதினொரு வருடமாக ஒவ்வொரு வியாழனும், ஒவ்வொரு மாளிகையின் வாசலிலும் கத்திய கத்தல், அதே எரிச்சலோடு தானாக வந்துவிட்டது. சொன்ன வாய் மூடுவதற்குள், அந்தப் பக்கமிருந்து வர வேண்டிய முனகலுக்காகக் காது காத்திருந்தது.

தெல்மா வேலியோரமாகக் காரை நிறுத்தினாள். மூட்டையின் குறுக்கே எட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவர் இனி வரமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது. மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் வாய்விட்டு அழுதாள்.