குளவி கட்டிய குழாய்

மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். இந்த ஆறு வருசத்தில் மருமகள் நிஷாந்தியிடம் "ஏதும் விசேஷமோ?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கோயிலில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், மேல்மாடி மாக்ரெட் லிஃப்டுக்குள் வைத்தே கேட்கிறாள். நான் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் இப்படியும் ஒரு மாமியா என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். இந்த அனுஷியாவுக்கு வாய் நீளம் என்கிறவர்கள் வந்து பார்க்கட்டும்.

எங்கள் ஃபிளாட்டின் சொந்தக்காரர் லண்டனில் இருந்து திரும்பி வந்தவர். வெயிலில் வேகிற கொழும்பில் யாருக்கு என்ன தேவையோ, குளியலறை அலுமாரிக்குள் காஸில் தண்ணீர் சுடவைக்கிற பொயிலர் ஒன்றைப் பொருத்திவிட்டார். எங்கள் வீட்டில் நிஷாந்தி மட்டும்தான் சுடுதண்ணியில் குளிப்பாள். பொயிலரிலிருந்து இரண்டு குழாய்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு பல்கணிக்கு வருகின்றன. ஒன்று புகையை வெளியே விட, மற்றது நெருப்புக்குக் காற்று எடுக்க. காற்றுக் குழாயின் வாயில் பூச்சி புகாமல் ஒரு கம்பிவலை இருந்தது. கடற்காற்றில் எது நிலைக்கும்? அது துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. புதுசு போடுவோம், போடுவோம் என்றே ஒரு வருசம் போனது.

பங்குனியில் ஒரு குளவி அந்தக் குழாய் வாயில் மண் கொண்டுவந்து கூடு கட்டத் தொடங்கியது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே ஒருத்தி பிள்ளைத்தாச்சி ஆவாள் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை உடைப்பது பாவம். இத்தனைக்கும் நான் இருபத்தெட்டு வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவள். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும் என்று மெழுகுதிரியைக் கிளாசால் மூடி, அது அணைந்து நூர்வதை வகுப்பு வகுப்பாகக் காட்டியவள். படித்தென்ன? கூட்டைத் தட்டிவிட எடுத்த தும்புத்தடியைத் திரும்ப மூலையில் வைத்தேன். ஈர உடுப்பு ஆடிக் கூட்டைத் தட்டிவிடும் என்று கொடியையும் தள்ளிக் கட்டினேன்.

ஒரு குளவி மூன்றாகியது. சித்திரையில் பொயிலரைப் பார்க்கிற ரிம்ஸான் வந்துபோனபோது நான் கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டில் நின்றேன். திரும்பி வந்ததும் பையைக்கூட வைக்காமல் பல்கணிக்கு ஓடினேன். கூடு அப்படியே இருந்தது. ரிம்ஸானின் கண்ணில் படவில்லையாக்கும் என்று பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

வைகாசியில் ஒருநாள் நிஷாந்தி குளித்துவிட்டு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மறுநாள் குமட்டல். அதற்கடுத்த நாள் வாந்தி.

"பித்தமாக்கும் மாமி. பாங்கு வேலைக்குப் போனாச் சரியாயிடும்" என்றாள்.

பத்து மணிக்கெல்லாம் சுகமாகிவிடுவாள். காலையில் மட்டும் வருகிற வாந்தி என்ன வாந்தி என்று எனக்கா தெரியாது? நான் வாயே திறக்கவில்லை. சந்தையில் மாதுளம்பழம் வாங்கினேன். அவளுக்கு மணக்கிறது என்று கருவாட்டை நிறுத்தினேன். விடிய எழும்பி நானே பொயிலரைப் போட்டுவிட்டு, "சுடுதண்ணியில ஆறுதலாக் குளி பிள்ளை, மேல் நோவெல்லாம் போகும்" என்றும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை, மகன் விக்ரமன் வேலைக்குப் போன பிறகு, குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. நாங்கள் இருவரும் மட்டும் வீட்டில் என்றால் அவள் தாழ்ப்பாள் போடுவதில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் பிள்ளை நிலத்தில் கிடக்கிறாள். முழங்கால் வருத்தம், இடுப்பு வருத்தம் எல்லாம் எங்கே போயினவோ, இரண்டு கையையும் பிடித்து ஹோலுக்கு இழுத்து வந்துவிட்டேன். என் சத்தத்துக்கு மாக்ரெட் இறங்கி ஓடிவந்தாள். ஓட்டோவில் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காலி வீதிக் காற்றுப் பட்டதும் நிஷாந்தி கண் விழித்தாள்.

"பிள்ளைத்தாச்சியா?" என்று டொக்டர் கேட்டார். அவள் வாய் திறக்க முதல் நான் "ஓம்" என்றேன்.

இரண்டு மணித்தியாலத்தில் டொக்டர் திரும்பி வந்தார். அப்படி ஒன்றும் இல்லையாம். இரத்தத்தில் நஞ்சு வாயு இருக்கிறதாம். குளியலறையில் காஸ் எரிகிறதா என்று கேட்டார். எனக்கு அந்த மெழுகுதிரியும் கிளாசும்தான் கண்முன் வந்தன. நிஷாந்தி ஒட்சிசன் மாஸ்க்கோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முதுகைத் தடவக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் ரிம்ஸான் வந்தான். அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று இருந்தேன். அவன் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு என்னை முந்திக்கொண்டான்.

"மண்ணால முழுசா அடச்சிக் கெடக்கு ஆன்டி. காத்து இல்லாட்டி நெருப்பு ஒழுங்கா எரியாது. நஞ்சுப் பொகதான் வரும், அது உள்ளுக்கும் கசிஞ்சிருக்கு. போன முற நான் ஒடைக்கத்தான் பாத்த. அப்ப சின்னக் கூடு. சின்ன மெடம்தான் தொட வாணாம், பொறகு கோல் பண்றெண்டு சொன்னாங்க."

திரும்பினேன். பல்கணிக் கதவில் நிஷாந்தி நின்றாள்.

"நீங்கள் கொடியைத் தள்ளிக் கட்டினதைப் பாத்தனான் மாமி" என்றாள். "அதை உடைச்சா நீங்கள் தாங்க மாட்டீங்கள் எண்டுதான் விடச் சொன்னனான். பிறகு எனக்கும் ஆசை வந்திட்டுது. வேலையால வந்து நானும் ஒருக்கா எட்டிப் பாப்பன்."

என் பெருமையெல்லாம் அந்த இடத்திலேயே விழுந்தது. மாக்ரெட் லிஃப்டில் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, கொடியாலும் மாதுளம்பழத்தாலும் நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

"பேரப்பிள்ளை வேணும்தான், இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன்" என்றேன். "ஆனா நீ இல்லாத வீட்டில எனக்கு ஆர் வேணும்?"

ரிம்ஸானின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி நானே கூட்டை உடைத்தேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் இருந்தன. பாவம்தான். வருகிற பாவம் என் தலையில் வரட்டும் என்று கடைசி மண் வரைக்கும் சுரண்டி எடுத்தேன். ரிம்ஸான் துருப்பிடிக்காத வலை ஒன்றை வெட்டிப் பூட்டினான். கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலை மாதிரிப் பொடிக் கண் கூடாதாம், தூசியும் உப்பும் அடைத்துவிடுமாம். மாசத்துக்கு ஒருக்கா பிரஷ்ஷால் தட்டிவிடச் சொன்னான். பொயிலரையும் கழற்றிப் பூட்டி, புகை கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அவன் போனபிறகு இரண்டு பேரும் பல்கணியில் மண்ணைக் கூட்டி அள்ளினோம். நிஷாந்தி நிமிராமலே கதைத்தாள்.

"மாமி, ஒரு வருசமா நாங்கள் பிள்ளைக்காகப் பம்பலப்பிட்டியில ஒரு டொக்டரிட்டப் போறம். ஆசையைக் காட்டி உங்களை ஏமாத்தக் கூடாதெண்டு சொல்லேல்லை. ரெண்டு தரம் சரிவரேல்லை."

நான் வாளியைக் கீழே வைத்தேன். இரண்டு தரம் இந்தப் பிள்ளை தோற்றுப்போய் வீட்டுக்கு வந்து, எனக்கு முன்னால் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறாள்.

"வியாழக்கிழமை திரும்பப் போக வேணும். அவருக்கு லீவு இல்லை. தனியப் போய்க் காத்துக்கொண்டு இருக்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் வாறீங்களா?"

"வாறன்" என்றேன். அழுதுகொண்டு சொன்னதால் சொல் ஒழுங்காக வரவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது.