மாமனாருக்கு ஆறு டிஸ்கஸ்

ஆபரேட்டருக்கும் அவருடைய மாமனாருக்கும் பேச்சுவார்த்தை நின்று பத்தொன்பது வருஷம். மாமியார் காலமான பிறகு மாமனார் இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரே ஹாலில், ஒரே மின்விசிறிக்குக் கீழே இருவரும் உட்கார ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியும் நிலைமை மாறவில்லை. "உன் வீட்டுக்காரரை அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லும்மா" என்பார் மாமனார். வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். காதிலும் நன்றாக விழும். ஆனாலும் மனைவி வந்து, "என்னங்க, அப்பா ஜன்னலைச் சாத்தச் சொல்றார்" என்று சொன்னால்தான் கை நீளும். அவள் குளித்துக்கொண்டிருந்தால் மழைச் சாரல் உள்ளே வந்து இருவரையும் நனைக்கும். இரண்டு பேரும் நனைவார்களே தவிர வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படி ஒரு ரோஷம்.

சண்டை சொத்துக்காக இல்லை, தண்ணீருக்காக. ஆபரேட்டருக்கு ஊர்க் குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை. போகிற தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்று பார்த்து வால்வைத் திருகுகிற கை அவருடையது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஒரு நாள் காலையில் மாமனார் ஃபோன் செய்து, குழாயில் தண்ணீர் பழுப்பாக வருகிறது என்றார். அன்றைக்கு நிலையத்துக்கு வந்த முப்பதாவது புகார் அது. ஆபரேட்டருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எங்க தண்ணியில ஒரு குறையும் இல்ல. முதல்ல உங்க மாடித் தொட்டியைக் கழுவுங்க" என்று சொல்லி, வைத்துவிட்டார்.

மாமனார் யார்? பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற பிரிவுக்கு இருபத்தெட்டு வருஷம் பொறுப்பாளர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு கத்திரிக்கோல்கூட வெளியே போனதில்லை. அவரைப் பார்த்துத் தொட்டியைக் கழுவு என்றால் சும்மா இருப்பாரா? அன்றோடு பேச்சை நிறுத்தினார், குழாய்த் தண்ணீரையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு கேன் தண்ணீர்தான். மருமகன் வீட்டுக்குக் குடிவந்தபோதும் கேன் கூடவே வந்தது. ஹாலில், ஆபரேட்டர் நாற்காலிக்கு நேர் எதிரே, தினமும் கண்ணில் படுகிற மாதிரி இரண்டு கேன்கள் உட்கார்ந்துகொண்டன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஆபரேட்டருக்கு வயிறு எரியும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் டிஸ்கஸ் மீன் வந்தது கண் டாக்டரால். மாமனார் கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்ட வட்டமாக மீன்கள், ஆரஞ்சும் நீலமுமாக, அவசரமே இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. நர்ஸ் மூன்று முறை கூப்பிட்டும் மாமனார் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "அந்த மாதிரி நம்ம வீட்ல வெச்சா நல்லாயிருக்கும்ல?" என்றார். மாமியார் போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது. சாப்பாட்டைக்கூட இன்னது வேண்டும் என்று கேட்காதவர். மகள் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, "நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது. அந்த மீன் வரணும்" என்று புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேட்டர் கடைக்குப் போனார். மீன் வாங்குவது காய்கறி வாங்குகிற மாதிரி என்று நினைத்துப் பையோடு போனார். கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டிஸ்கஸா? தொட்டி இருக்கா?"

"வாங்கிக்கிறேன். ரெண்டு மீனுக்கு என்ன பெரிய தொட்டி?"

"ரெண்டு விட்டா ஒண்ணை ஒண்ணு விரட்டி விரட்டியே கொன்னுடும். ஆறு மீனாவது இருந்தாத்தான் அந்த முறைப்பு பிரிஞ்சு போகும்."

இரண்டு பேர் மட்டும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று ஆபரேட்டருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரி ஆறு என்றார்.

"ஆறுக்கு இருநூத்தம்பது லிட்டருக்குக் குறையாம வேணும். உயரமான தொட்டி. தண்ணி எப்பவும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது டிகிரி சூட்டுல இருக்கணும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணி மாத்தணும். கதவுப் பக்கம் வைக்கக் கூடாது, டொம்முன்னு சாத்தினா பயந்து கறுத்துப் போகும். இதெல்லாம் தினம் யார் பார்ப்பாங்க?"

"எங்க மாமனார். வீட்லயே இருக்கார்."

"அவர் பொறுமைசாலியா?"

ஆபரேட்டர் யோசித்தார். "பத்தொன்பது வருஷம் ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவர்" என்றார்.

"அப்ப சரி. தண்ணி எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி." குரலில் கொஞ்சம் மிடுக்கு. "நானே அனுப்புற தண்ணி."

"யார் அனுப்பினா என்ன, குளோரின் செவுளை அரிச்சுடும். இது குளோரினை முறிக்கிற மருந்து, சொட்டுக் கணக்கு மேலயே போட்டிருக்கு. ஒவ்வொரு வாளிக்கும் போட்டுட்டுத்தான் ஊத்தணும்." பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவரிடம், உன் தண்ணீருக்கு மாற்று மருந்து வேண்டும் என்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்.

பிறகும் மீன் தரவில்லை. தொட்டியை மட்டும் கொண்டுபோய் ஆறு வாரம் வெறும் தண்ணீரோடு ஓட்ட வேண்டுமாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட வேண்டுமாம். அது அழுகி, அந்தக் கழிவைத் தின்கிற நல்ல கிருமிகள் வடிகட்டியில் வளர வேண்டுமாம். வாராவாரம் ஒரு புட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் சோதித்துச் சொல்வாளாம்.

கிருமியைக் கொல்வதற்கே பிறந்த இரண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து கிருமி வளர்த்த கூத்தை அந்த ஆறு வாரமும் பார்த்திருக்க வேண்டும். "தீனி அழுகுது, நாத்தம் வருதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்பார் மாமனார். "அழுகத்தான் போட்டிருக்குன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு" என்பார் ஆபரேட்டர். நடுவில் அவள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, பந்து பொறுக்கிப் போடுகிறவள் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பாள். மூன்றாவது வாரம் கடைக்காரம்மா தண்ணீரைப் பார்த்துவிட்டு, தேறவில்லை, இன்னும் அமோனியா இருக்கிறது என்றாள். நிலையத்தில் தினம் நாற்பது சோதனை செய்து கையெழுத்துப் போடுகிற ஆபரேட்டர், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீரில் பெயிலாகி வீடு திரும்பினார்.

ஏழாவது வாரம் மூவருமாக மீன் எடுக்கப் போனார்கள். உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி நின்றுபோன மீன், கறுத்துப் போய் மூலையில் ஒதுங்கினால் சீக்கு, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் வயிற்றில் பூச்சி, தீனி போட்டதும் ஓடி வருகிறதா என்று பார்த்து எடுங்கள் என்றாள் கடைக்காரம்மா. மாமனார் ஒன்றரை மணி நேரம் நின்று, கத்திரிக்கோல் பொறுக்குவது போல ஆறு மீன்களைப் பொறுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆபரேட்டர் அந்தப் பாட்டிலை எடுத்து பீரோ மேல் தூக்கி வைத்தார். "உங்க அப்பாகிட்ட சொல்லு. இந்த மருந்தெல்லாம் தேவையில்ல. நம்ம தெரு லைனோட கடைசி. இங்க வந்து சேரும்போது குளோரின் சும்மா பேருக்குத்தான் இருக்கும். என் தண்ணி எனக்குத் தெரியும்." மகள் சொன்னாள். மாமனார் பீரோ உச்சியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு வாரம் மீன்கள் ஜோராக இருந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பத்து மணிக்கு மாமனார் தண்ணீர் மாற்றுவார். மீன்களுக்குத் தீனி போட்ட கையோடு தானும் சாப்பிட உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் போடு என்று ஒரு நாள் மகளிடம் கேட்கவும் செய்தார். ஆபரேட்டருக்குள் சந்தோஷம் பொங்கியது. சந்தோஷத்துக்குமேல் ஒரு பெருமை: பார்த்தாயா, என் தண்ணீரில்தானே வாழ்கின்றன!

அந்தப் புதன்கிழமை விடிந்ததும் பெரிய குழாய் ஒன்று உடைந்தது. எட்டு மணிக்குள் அடைத்தார்கள். உடைப்பு வழியாக மண்ணும் சாக்கடையும் உள்ளே போயிருக்கலாம் என்பதால், வழக்கத்தைவிட நாலு மடங்கு குளோரின் ஏற்று என்று மேலிடத்து உத்தரவு. ஆபரேட்டர் தன் கையாலேயே வால்வைத் திருகினார். மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது, வாடை அடிக்கும், அவ்வளவுதான். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஊர்ல எல்லார் வீட்டுக் குழாயிலயும் நீச்சல் குளம்தான்" என்று சிரித்தார் கூட வேலை பார்க்கிறவர். சிரிக்கப் போன ஆபரேட்டருக்கு வாயில் இருந்த டீ அப்படியே நின்றது. தண்ணீர் மாற்றுகிற நாள். பத்து மணி. எட்டு மணிக்குத் திருகிய தண்ணீர் தன் தெருவுக்கு எப்போது போய்ச் சேரும் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

மனைவியைக் கூப்பிட்டார். வேலை நேரத்தில் அவள் ஃபோன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டில் இருப்பது மாமனார் மட்டும். அந்த எண் ஃபோனில் இருந்தது, ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. ஆறு மீனும் செத்தால் மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதுவும் தன் தண்ணீரால். இந்த ஜன்மத்தில் மன்னிப்புக் கிடையாது. ஆபரேட்டர் அழுத்தினார்.

ஏழு தடவை மணி அடித்த பிறகு மாமனார் எடுத்தார். "யாரு?"

"மாமா, நான்தான்."

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"மாமா, ஊத்திட்டீங்களா?"

"பழசை எடுத்தாச்சு. ரெண்டு வாளி பிடிச்சாச்சு. ஊத்தணும்."

"ஊத்தாதீங்க!"

"ஏன்?"

குழாய் உடைந்தது, மேலிடத்து உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் வாயில் அது வரவில்லை. "எங்க தண்ணியிலதான் மாமா குறை" என்றார் ஆபரேட்டர். "இன்னிக்கு நாலு மடங்கு போட்டிருக்கேன். நான்தான் திறந்துவிட்டேன். பீரோ மேல அந்தப் பாட்டில் இருக்கு பாருங்க..."

"அது காலி."

"எப்படி காலியாகும்? பிரிக்கவே இல்லையே."

"முதல் நாளே பிரிச்சாச்சு. ஒவ்வொரு வாளிக்கும் போட்டுட்டுத்தான் ஊத்தினேன். முந்தாநாளோட தீர்ந்துடுச்சு. இன்னொண்ணு கேட்டா விஷயம் வெளிய வந்துடும். அதான், மனுஷன் இவ்வளவு சொல்றாரே, இன்னிக்கு ஒரு நாள் மாப்பிள்ளை தண்ணியை நம்பித்தான் பார்ப்போமேன்னு..." மாமனார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எட்டு வாரத்துப் பெருமையும் ஒரே நிமிஷத்தில் இறங்கியது. அதைப் பற்றி வருத்தப்பட நேரமில்லை. "தொட்டித் தண்ணி இறங்கியிருக்குமே, ஹீட்டர் வெளிய தெரியுதா?" என்று கேட்டார்.

"அதை அணைச்சுட்டுத்தானே தண்ணியையே எடுத்தேன். என்ன பேச்சு இது!"

"சரி, சரி. உங்க கேன் தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ரெண்டும் முழுசு."

இதைச் சொல்ல ஆபரேட்டருக்குக் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. "அதை வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க மாமா. இன்னிக்கு அதுதான் நல்ல தண்ணி."

"சரி" என்றார் மாமனார். ஆனால் வைக்கவில்லை. "அன்னிக்கு எங்க மாடித் தொட்டியில நாலு விரல் உயரத்துக்குச் சேறு இருந்துச்சு" என்றார். உடனே வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஆபரேட்டர் புதுப் பாட்டில் ஒன்றும், தோளில் ஒரு கேன் தண்ணீருமாக வந்தார். மாமனாருக்குக் குடிக்க வேண்டுமே. தொட்டியில் ஆறும் ஓடி வந்து தீனி தின்றுகொண்டிருந்தன. இரண்டு பேரும் பக்கத்தில் நின்று எண்ணினார்கள்.

மனைவி ஏழு மணிக்கு வந்தாள். பேசுகிற சத்தம் வாசலிலேயே கேட்டது, டி.வி. என்று நினைத்தாள். உள்ளே நுழைந்ததும் ஆபரேட்டர் பழக்கதோஷத்தில், "உங்க அப்பாகிட்ட சொல்லு, புதுப் பாட்டில்ல சொட்டு அளவு வேறன்னு" என்றார். அவளும் பையைக்கூட இறக்காமல் திரும்பினாள். "அப்பா, அவர் என்ன சொல்றார்னா..."

"நீ போய் கை கால் கழுவும்மா" என்றார் மாமனார். "அவர் அப்பவே சொல்லிட்டார்."