ஹாட்வெயார் கடை மாடியில் பரமண்டல ஜெபம்

விஜயரத்தினம் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தார். உக்குவளை மெதடிஸ்த ஆலயத்தில் ஆராதனை ஒழுங்கைக் கவனிப்பவர் அவர். மகள் பிரசாந்தினியோ பெரிய வெள்ளிக்குப் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. பலாபத்வலையில், ஒரு ஹாட்வெயார் கடையின் மாடியில் கூடும் புதுச் சபையில் பாடுகிறாள். எந்தப் பழைய திருச்சபையையும் சேராத சபை அது.

"ஒரு தடவை வந்து பாருங்கப்பா. அப்பவும் சரியில்லன்னு சொன்னீங்கன்னா, நான் நம்ம சேர்ச்சுக்கே வந்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

குற்றங்களுக்குக் குறைவில்லை. பாட்டு இலக்கம் போடும் பலகை இல்லை. பலிபீடம் இருக்கவேண்டிய இடத்தில் டிரம். ஆனால் கதிரை போதாமல் இளசுகள் சுவரோரம் நின்றதைப் பார்த்தபோது அவருக்கு வயிறு எரிந்தது. அவருடைய ஆலயத்தின் பின்வரிசை வாங்குகளில் தூசுதான் உட்கார்ந்திருக்கிறது.

"என்னப்பா முகத்த இப்படி வச்சிருக்கீங்க?"

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான். நீ போய்ப் பாடு."

பாடல் முடிந்து பாஸ்டர் சஜீவன் கண்மூடி ஜெபித்தார். இடையில், "ஆண்டவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி…" என்றார்.

மெதடிஸ்த ஆராதனையில் அந்த வாக்கியம் ஒரு ஸ்விச் மாதிரி. போதகர் அதைச் சொன்னதும், யாரும் அறிவிக்காமலே, சபை முழுவதும் இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிடும். இங்கே பாஸ்டர் வேறெதையோ சொல்லவிருந்தார். விஜயரத்தினத்தின் வாய் காத்திருக்கவில்லை. மண்டபம் அதிர, தனியாக, முதல் வரியைச் சொல்லிவிட்டார்.

காது சுட்டது. நிறுத்தலாமா என்று நினைப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல் சேர்ந்தது. பிறகு முன்வரிசை. பிறகு சுவரோரம். புத்தகமோ திரையோ இல்லை. அவர் மூச்சுவிட்ட இடத்தில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். கண்ணைத் திறந்தார். மேசன் தேவநேசன் தெரிந்தார். ஞாயிறு பாடசாலை நடத்திய கிறேஸ் டீச்சரும் தெரிந்தார். இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்களல்ல. அவருடைய வாங்குகளிலிருந்து எழுந்து வந்தவர்கள்.

"கிழமைக்கு ஒருக்கா நீங்களே இந்த ஜெபத்த தொடங்கி வைங்க, அங்கிள்" என்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். விஜயரத்தினம் கையை மெல்ல உருவிக்கொண்டார். அவருடைய ஆலயத்தில் அந்த ஜெபம் ஒருநாளும் இவ்வளவு நிறைவாக ஒலித்ததில்லை. அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

படியில் மகள் வழிமறித்தாள். "சொல்லுங்க. சரியில்லையா?"

ஒரு வார்த்தை போதும், அவள் வந்துவிடுவாள்.

"டிரம் சத்தம் ரொம்பக் கூட."

"வேற?"

அவர் சட்டைப்பையில் பஸ் காசைத் தேடினார். பிரசாந்தினி சிரித்தாள். "அடுத்த தடவ கொஞ்சம் மெதுவா சொல்லுங்கப்பா. எங்க ஆளுங்களுக்கு மூச்சு வாங்குது."

எங்க ஆளுங்க. அவர் வீதிக்கு இறங்கி மாத்தளை பஸ்ஸுக்குக் கை காட்டினார்.